இரட்டை செலரான் பிறந்த கதை

1998 ஆகஸ்ட் 24 அன்று இன்டெல் நிறுவனம் ஒரே நாளில் இரண்டு விதமான சிப்புகளைச் சந்தைக்கு விட்டது. ஒன்று 450 மெகாஹெர்ட்ஸ் பென்டியம் 2, மொத்த விலை 669 டாலர். மற்றது செலரான் 300ஏ, விலை 149 டாலர். முதலாவது வசதி உள்ளவர்களுக்கு, இரண்டாவது கையைக் கடிக்காமல் கம்ப்யூட்டர் வாங்க நினைப்பவர்களுக்கு என்பது இன்டெலின் கணக்கு. வெகு சீக்கிரமே அந்தக் கணக்கு தலைகீழானது. 149 டாலர் சிப்பை 450 மெகாஹெர்ட்ஸில் ஓட்டிப் பார்த்தவர்கள், அது 669 டாலர் சிப்புக்குத் தோளோடு தோள் நிற்பதைக் கண்டார்கள். ஒன்றே இப்படி ஓடுகிறதென்றால், இரண்டை ஒரே பலகையில் போட்டால் என்ன ஆகும் என்று அடுத்து யோசித்தார்கள். அதன் விடையாக 1999இல் தைவானிலிருந்து ஒரு மதர்போர்டு வந்தது. பெயர் அபிட் பிபி6.

செலரான் என்ற சிப்பே ஒரு அவசரத்தில் பிறந்ததுதான். பென்டியம் 2 விலை அதிகம் என்பதால் மலிவுச் சந்தை ஏஎம்டி, சிரிக்ஸ் பக்கம் சாய்ந்துகொண்டிருந்தது. அதைத் தடுக்க 1998 ஏப்ரலில் பென்டியம் 2இன் இரண்டாம் நிலை கேஷ் நினைவகத்தை முழுவதுமாக எடுத்துவிட்டு, 266 மெகாஹெர்ட்ஸ் செலரானை இன்டெல் கொண்டுவந்தது. கேஷ் இல்லாத பிராசஸர் தகவலுக்காக ஒவ்வொரு முறையும் மெதுவான மெயின் மெமரியின் வாசலில் காத்துக் கிடக்க வேண்டும். விமர்சகர்கள் கிழித்துத் தொங்கவிட்டார்கள். அந்த அவப்பெயரைத் துடைக்கத்தான் ஆகஸ்டில் 300ஏ வந்தது. இந்த முறை 128 கிலோபைட் கேஷைச் சிலிக்கனுக்குள்ளேயே வைத்து, பிராசஸரின் முழு வேகத்தில் ஓடவிட்டார்கள். பென்டியம் 2இல் இருந்தது 512 கிலோபைட். ஆனால் அது தனிச் சிப்புகளாக வெளியே உட்கார்ந்து பாதி வேகத்தில் ஓடியது. அளவில் கால் பங்கு, வேகத்தில் இரட்டிப்பு. வீட்டில் ஓடும் பெரும்பாலான புரோகிராம்களுக்கு இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான். இதில் இன்னொரு லாபமும் சேர்ந்துகொண்டது. வேகத்தைக் கூட்டும்போது பென்டியம் 2இல் பல சமயம் முதலில் திணறுவது வெளியே இருந்த கேஷ் சிப்புகள். செலரானில் அந்தத் தொல்லையே இல்லை.

ஒரு பிராசஸரின் வேகம் இரண்டு எண்களின் பெருக்கல். ஒன்று, மெமரியோடும் மற்ற பாகங்களோடும் பிராசஸர் பேசும் சிஸ்டம் பஸ்ஸின் வேகம். மற்றது சிப்புக்குள் பொதிந்த பெருக்கு எண். 300ஏ சிப்புக்கு 66 மெகாஹெர்ட்ஸ் பஸ், பெருக்கு எண் நாலரை. பெருக்கு எண்ணை இன்டெல் பூட்டிவிட்டிருந்தது. மலிவுச் சிப்பின் மேல் எழுத்தை அழித்து, கூடுதல் வேகத்தைப் பொறித்து, விலையுயர்ந்த சிப் என்று விற்ற மோசடிக்காரர்களே அதற்கு முக்கியக் காரணம். பஸ் வேகத்தை அப்படிப் பூட்ட வழியில்லை. அந்த ஆண்டு ஏப்ரலில் வந்த 440பிஎக்ஸ் சிப்செட் 100 மெகாஹெர்ட்ஸ் பஸ்ஸுக்கென்றே செய்யப்பட்டது. பஸ்ஸை 66இலிருந்து 100க்கு மாற்றினால் நாலரைப் பெருக்கம் தானாக 450ஐத் தந்துவிடும். சில மதர்போர்டுகள் செலரானைக் கண்டதும் தாமாகவே 66க்குப் போய்விடும். அவற்றை ஏமாற்ற, சிப் பொருத்தப்பட்டிருந்த அட்டையின் ஓரத்தில் உள்ள பி21 என்ற ஒரே ஒரு தொடுமுனையை ஒட்டுநாடாவாலோ நகப்பூச்சாலோ மூடினார்கள். அவ்வளவுதான், பலகை 100 என்று நம்பிவிடும்.

இங்கே ஒரு நுட்பத்தைச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் சிப்பை அதற்குக் குறித்த வேகத்துக்கு மேல் ஓட்டும் ஓவர்கிளாக்கிங்கில் பலர் தடுமாறியது இதில்தான். 66இலிருந்து 83க்குப் போவது சின்னத் தாவல், 100க்குப் போவது பெரிய தாவல். எனவே 83தான் பத்திரம் என்று தோன்றும். உண்மை நேர்மாறானது. ஹார்ட் டிஸ்க் கட்டுப்பாட்டுச் சிப், நெட்வொர்க் அட்டை, ஒலி அட்டை எல்லாம் தொங்கும் பிசிஐ பாதை 33 மெகாஹெர்ட்ஸில் ஓட வேண்டும். அந்த வேகம் சிஸ்டம் பஸ்ஸை வகுத்துத்தான் கிடைக்கிறது. 66ஐ இரண்டால் வகுத்தால் 33. 100ஐ மூன்றால் வகுத்தாலும் 33. 83ஐ இரண்டால் வகுத்தால் 41க்கு மேல் போய்விடும். பிராசஸர் சுகமாக இருக்கும். ஆனால் ஹார்ட் டிஸ்க்கில் எழுதப்படும் ஃபைல்கள் சத்தமில்லாமல் சிதையும். தாவுவதென்றால் 100க்குத் தாவு, இல்லையேல் 66இலேயே இரு என்பது அன்றைய ஆர்வலர்கள் பட்டுத் தெரிந்துகொண்ட விதி.

இரண்டு பிராசஸர் போட்ட கம்ப்யூட்டர் அந்நாளில் பொறியியல் வரைபட அலுவலகங்களிலும் சர்வர் அறைகளிலும் மட்டும் இருந்த பொருள். அதற்கு பென்டியம் 2 வாங்கு, ஸியான் வாங்கு என்பது இன்டெலின் நிலைப்பாடு. செலரானுக்கு ஜோடி கிடையாது. ஆனால் செலரானின் சிலிக்கன் பென்டியம் 2 குடும்பத்திலிருந்தே வந்தது. ஜோடியாக ஓடும் திறமை அதற்குள் அப்படியே இருந்தது. ஒரே பஸ்ஸை இரண்டு பிராசஸர்கள் பகிரும்போது, இப்போது பாதை எனக்கு வேண்டும் என்று கேட்க ஒவ்வொன்றுக்கும் தனித்தனி சிக்னல் தேவை. அதில் இரண்டாவது சிக்னலைச் சிப் அட்டையின் ஓரத்துக்கு இன்டெல் கொண்டுவராமல் விட்டிருந்தது. தடை அந்த ஒரு இணைப்பு மட்டும்தான்.

இந்தத் தடையைக் கண்டுபிடித்து நீக்கியவர்களில் ஜப்பானிய ஆர்வலர்கள் முன்வரிசையில் நின்றார்கள். அவர்கள் செய்த வேலையை நினைத்தாலே கை நடுங்கும். செலரானின் அட்டையில் குறிப்பிட்ட இடத்தில் மிக நுண்ணிய துளை போட்டு ஒரு இணைப்பை அறுக்க வேண்டும். துளை சற்று விலகினால் பக்கத்தில் ஓடும் தாமிரக் கோடு போய்விடும், அதோடு சிப்பும் போய்விடும். பிறகு மயிரிழை போன்ற கம்பி ஒன்றை அட்டையின் ஒரு புள்ளியிலிருந்து பி75 என்ற ஓர முனைக்குச் சால்டர் செய்ய வேண்டும். இதை இரண்டு சிப்புக்கும் செய்து, இரட்டை பென்டியம் 2 பலகையில் செருகிப் பொத்தானை அழுத்தினால், விண்டோஸ் என்டி இரண்டு பிராசஸர் என்று காட்டும். வாரண்டி போய்விட்டது, சிப் போயிருக்கலாம், ஆனாலும் செய்தார்கள். ஒரு நிறுவனம் பூட்டிவைத்த திறமையைத் தம் கையால் திறந்த அந்த மனிதர்கள் மேல் எனக்கு ஆழ்ந்த மரியாதை உண்டு.

1999 ஜனவரியில் இன்டெல் செலவைக் குறைக்க செலரானை அட்டையிலிருந்து சாக்கெட்டுக்கு மாற்றியது. சாக்கெட் 370 வடிவில் 366, 400 மெகாஹெர்ட்ஸ் செலரான்கள் வந்தன. இந்தப் புது வடிவில் அந்த இரண்டாவது சிக்னல் ஏஎன்15 என்ற பின்னில் வெளியே வந்திருப்பது விரைவில் தெரிந்துபோனது. இனி துளையும் வேண்டாம், சிப்பைத் தொடவும் வேண்டாம். பலகையில் ஒரு தாமிரக் கோடு இழுத்தால் போதும். முதலில் சாக்கெட் சிப்பைப் பழைய ஸ்லாட்டில் பொருத்தும் இடையட்டைகளில் இந்த இணைப்பைச் சேர்த்தார்கள். 1999இன் நடுப்பகுதியில் அபிட் நிறுவனம் இரண்டு சாக்கெட் 370களையும் ஒரே பலகையில் வைத்து, அந்தக் கோட்டையும் இழுத்து, 440பிஎக்ஸ் சிப்செட்டோடு பிபி6ஐ வெளியிட்டது. எந்த மாற்றமும் செய்யாத இரண்டு செலரான்களை ஜோடியாக ஓட்டிய முதல் மதர்போர்டு அது.

அபிட் 1989இல் தொடங்கிய தைவான் நிறுவனம். ஓவர்கிளாக்கிங் செய்வோர் மத்தியில் அதற்குப் பெயர் வாங்கித் தந்தது சாஃப்ட்மெனு. அதற்கு முன்பெல்லாம் பஸ் வேகத்தை மாற்ற வேண்டுமென்றால் பெட்டியைக் கழற்றி, டார்ச் அடித்து, பலகையில் கடுகளவு ஜம்பர்களைப் பிடுங்கி இடம் மாற்ற வேண்டும். அபிட் பலகையில் பயாஸ் திரையிலேயே பஸ் வேகத்தையும் வோல்டேஜையும் தேர்ந்தெடுக்கலாம். பிபி6 வாங்கியவர்கள் பலரும் செய்தது இதுதான்: இரண்டு 366 செலரான், இரண்டு ஹீட்சிங்க், இரண்டு விசிறி. சாஃப்ட்மெனுவில் பஸ்ஸை 66இலிருந்து 100 ஆக்கி, வோல்டேஜை 2.0இலிருந்து கொஞ்சம் உயர்த்தி, சேமித்து வெளியே வந்தால், ஐந்தரைப் பெருக்கத்தில் இரண்டும் 550 மெகாஹெர்ட்ஸ். 1999 மே மாதம் வெளியான 550 மெகாஹெர்ட்ஸ் பென்டியம் 3 ஒன்றின் விலை 744 டாலர். 366 செலரான் அப்போது நூறு டாலருக்குள் கிடைத்தது. ஏன் இத்தனை பேர் மயங்கினார்கள் என்று வேறு விளக்கம் தேவையில்லை.

இனி இதன் லாப நஷ்டத்துக்கு வருவோம்.

பிபி6இல் இரண்டு பிராசஸருக்கும் பஸ் ஒன்றுதான். ஒன்றை 100லும் மற்றதை 66லும் ஓட்ட முடியாது. ஒரே நுகத்தில் பூட்டிய மாடுகளில் மெதுவாக நடப்பதுதான் வண்டியின் வேகத்தைத் தீர்மானிக்கும். 300ஏ சிப்புகள் 450ஐத் தொடுவது ஏறக்குறைய வழக்கமாகவே இருந்தது. 366 சிப்புகள் 550ஐத் தொடுவது அதிர்ஷ்டத்தையும் பொறுத்தது. ஒரு பேச்சுக்கு, பத்தில் ஏழு சிப் 550இல் நிலையாக ஓடும் என்று வைத்துக்கொள்வோம். கையில் எடுத்த இரண்டுமே ஓடுவதற்கான வாய்ப்பு பத்தில் ஏழின் பத்தில் ஏழு பங்கு, அதாவது நூற்றுக்கு 49. தனிச் சிப்பில் சாதகமாக இருந்த பந்தயம் ஜோடியில் பூவா தலையா ஆகிவிடுகிறது. அதனால்தான் சிப்பின் மேல் பொறித்த குறியீட்டையும், மலேசியாவில் செய்ததா கோஸ்டாரிகாவில் செய்ததா என்பதையும் பார்த்துப் பார்த்து வாங்கினார்கள். 550இல் ஓட்டிச் சோதித்த சிப் என்று சில கடைக்காரர்கள் கூடுதல் விலைக்கு விற்றதும் உண்டு.

அடுத்தது லாபம். இரண்டாவது பிராசஸர் தருவது ஒரு வகை லாபம், கூட்டிய வேகம் தருவது வேறு வகை லாபம். இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொண்டவர்கள்தான் ஏமாந்தார்கள். முழுதாக இரண்டாகப் பிரிக்க முடிந்த வேலைக்கு, 366லேயே ஓடும் இரண்டு பிராசஸர், 550இல் ஓடும் ஒற்றைப் பிராசஸரை வெல்லும். அதில் அபாயமும் இல்லை. ஆனால் வேலையில் பாதி வரிசையாக மட்டுமே நடக்கக்கூடியது என்றால், 1967இல் ஜீன் ஆம்டால் முன்வைத்த விதிப்படி, இரண்டாவது பிராசஸர் தரும் லாபம் மூன்றில் ஒரு பங்குதான். கூட்டிய வேகமோ எந்த வேலையையும் விரைவாக்கும், ஒன்றரை மடங்கு வரை. எல்லாருக்கும் பொதுவான லாபம் என்றாலும், அதற்குத்தான் அபாயம் என்ற வட்டி உண்டு.

ஜோடி செலரானுக்கு மட்டும் பொருந்தும் ஒரு நியாயம் ஓவர்கிளாக்கிங் பக்கம் இருந்தது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். 66 மெகாஹெர்ட்ஸ் பஸ்ஸில் மெமரியிலிருந்து நொடிக்கு அதிகபட்சம் 533 மெகாபைட் வரும். ஒற்றைப் பிராசஸருக்கே அது தாராளமில்லை. 128 கிலோபைட் சின்னக் கேஷ் வைத்த இரண்டு பிராசஸர்கள் அதைப் பங்குபோட்டால் ஒன்று காத்திருக்க மற்றது தின்னும். 100க்கு மாற்றியதும் அது 800 மெகாபைட் ஆகிறது. எனவே பிபி6இல் பஸ்ஸைக் கூட்டுவது அலங்காரமல்ல. இரண்டாவது சிப்புக்குப் போதிய தீனி கிடைக்கவே அது உதவியது. எனக்குத் தெரிந்தவரை ஓவர்கிளாக்கிங்குக்கு இதைவிடக் கெட்டியான காரணம் யாரும் காட்டியதில்லை.

இத்தனையும் எந்த ஆபரேட்டிங் சிஸ்டம் என்பதைப் பொறுத்தது. விண்டோஸ் 98இல் இரண்டாவது பிராசஸர் வெறும் அறை சூடேற்றி. அதற்கு ஒன்றைத் தவிர இன்னொன்று இருப்பதே தெரியாது. விண்டோஸ் என்டி, 2000 பிப்ரவரியில் வந்த விண்டோஸ் 2000, லினக்ஸ், ஃப்ரீபிஎஸ்டி, பிஓஎஸ் ஆகியவைதான் இரண்டையும் வேலை வாங்கின. குவேக் 3 விளையாட்டில் இரண்டாவது பிராசஸரைப் பயன்படுத்தும் வசதி இருந்தது, ஆனால் அது விதிவிலக்கு. 1999 மே 17இல் தொடங்கிய ஸெட்டி அட் ஹோம் திட்டத்துக்குப் பிராசஸருக்கு ஒன்று வீதம் இரண்டு புரோகிராம்களை ஓட்டினார்கள். வேற்றுக்கோள் சிக்னலைத் தேடும் கணக்கு அங்கே உண்மையாகவே இரண்டாகப் பிரிந்தது.

அபாயங்களில் சிப் எரிந்துபோவதைத்தான் எல்லாரும் பேசினார்கள். எனக்கு அது பெரிய விஷயமாகப் படவில்லை. எரிந்தால் நூறு டாலருக்குள் ஒரு சிப், அதோடு முடிந்தது. என்னைப் பயமுறுத்துவது எரியாமல், நிற்காமல், கோடிக்கணக்கான கணக்குகளுக்கிடையே ஒன்றே ஒன்றைத் தப்பாகப் போட்டுவிட்டு எதுவுமே நடக்காததுபோல் ஓடிக்கொண்டிருக்கும் பிராசஸர். டிரான்சிஸ்டர்கள் நிலைமாறுவதற்குக் குறிப்பிட்ட நேரம் வேண்டும். கிளாக் வேகத்தைக் கூட்டும்போது அந்த அவகாசத்தில்தான் கைவைக்கிறோம். சூடு ஏற ஏற அவை இன்னும் மெதுவாகும். குளிர்ந்த காலையில் சரியாக வந்த விடை, வெயில் ஏறிய மதியத்தில் பிசகும். ஒரு எண் மாறிய தாள், பழுதான ஒரு படம், ஓரிடத்தில் உடைந்த டேட்டாபேஸ்: இவை மாதங்கள் கழித்துத்தான் தெரியும். அதற்குள் பேக்கப்பிலும் அந்தத் தப்பே பதிந்திருக்கும்.

லினக்ஸ் பயன்படுத்தியவர்களிடம் இதைப் பிடிக்க ஒரு நல்ல வழி இருந்தது. கெர்னலை இரண்டு பிராசஸருக்கும் பிரித்துக் கம்பைல் செய்யச் சொல்லி, முடிந்ததும் மறுபடி, மறுபடி என்று இரவு முழுக்க ஓடவிடுவார்கள். சோர்ஸ் கோடில் தப்பு இருந்தால் ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் நிற்கும். சிக்னல் 11 என்ற பிழையோடு ஒவ்வொரு முறையும் வேறு வேறு இடத்தில் நின்றால் கோளாறு ஹார்ட்வேரில்தான். மெர்சென் பகா எண்களைத் தேடும் பிரைம்95 புரோகிராமின் சோதனையும் இதே வேலையைச் செய்யும்: விடை ஏற்கெனவே தெரிந்த கணக்கைக் கொடுத்து, சரியாக வருகிறதா என்று பார்க்கும். ஜோடியில் சோதிக்கும்போது இரண்டு பிராசஸரையும் ஒரே நேரத்தில் முழுச் சுமையில் ஓட்ட வேண்டும். தனித்தனியே தேறிய சிப்புகள் சேர்ந்து ஓடும்போது தோற்பது சாதாரணம், ஏனென்றால் சூடும் மின்சாரத் தேவையும் அப்போதுதான் உச்சத்துக்குப் போகும்.

அந்தச் சூட்டையும் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். பிராசஸர் குடிக்கும் மின்சாரம் வேகத்துக்கு நேர்விகிதம், வோல்டேஜின் இருமடிக்கு நேர்விகிதம். வேகம் ஒன்றரை மடங்கு, வோல்டேஜ் 2.0இலிருந்து 2.2 என்றால் மொத்தம் ஏறக்குறைய 1.8 மடங்கு. 366 செலரான் ஒன்று சுமார் 22 வாட் எடுக்கும்; 550இல் அது 40ஐ நெருங்கும்; இரண்டுக்கும் சேர்த்து 80. இந்தச் சுமையைத் தாங்குவதில் பங்கு வகிப்பவை சாக்கெட்டுகளுக்குப் பக்கத்தில் வரிசையாக நிற்கும் கெப்பாசிட்டர்கள். பத்து டிகிரி சூடு கூடினால் இவற்றின் ஆயுள் பாதியாகும் என்பது மின்னணுப் பொறியாளர்கள் பொதுவாகச் சொல்லும் கணக்கு. 1999க்குப் பின் சில ஆண்டுகள் மதர்போர்டு உலகம் முழுக்கத் தரம் குறைந்த கெப்பாசிட்டர்கள் பரவியிருந்தன. பிபி6 பலகைகளிலும் அவை உப்பிக் கசிந்தன. கூட்டிய வேகத்தில் ஓடிய பலகைகளுக்கு அந்தக் கதி இன்னும் சீக்கிரம் வந்திருக்கும்.

இன்டெல் அடுத்த தலைமுறைச் செலரானில், 2000ஆம் ஆண்டில், ஜோடி ஓட்டத்தைச் சிலிக்கனுக்குள்ளேயே அணைத்துவிட்டது. துளைக்கு வழியில்லை, கம்பிக்கு வேலையில்லை. 2005இல் இன்டெலும் ஏஎம்டியும் ஒரே சிப்பில் இரண்டு கோர் வைத்து விற்கத் தொடங்கியதும், இரண்டு சாக்கெட் தேவைப்பட்ட வீட்டு ஆர்வலர் என்ற இனமே அருகிப்போனது. அபிட் 2006இல் தன் மதர்போர்டு தொழிலை வேறு நிறுவனத்துக்கு விற்றது; 2008 இறுதியோடு அந்தப் பெயரில் மதர்போர்டு வருவதும் நின்றது. 2010இல் ஈவிஜிஏ நிறுவனம் இரண்டு ஸியான் சிப்புகளை ஓவர்கிளாக் செய்வதற்கென்றே எஸ்ஆர்-2 என்ற பெரும்பலகையைக் கொண்டுவந்தது. அழகான பொருள்தான், ஆனால் அது பணம் படைத்தவர்களுக்கு. பிபி6 சாதாரணச் சம்பளக்காரனும் எட்டக்கூடிய விலையில் வந்தது. அதன் பெருமை அதில்தான்.

இரட்டைப் பிராசஸரை ஓவர்கிளாக் செய்யலாமா என்று கேட்டால் என் பதில் இது. தப்பாக வந்தால் மறுபடி செய்துகொள்ளக்கூடிய வேலை என்றால், கம்பைல் செய்வது, விளையாடுவது, இன்னொருவர் சரிபார்க்கும் கணக்கு என்றால், தாராளமாகச் செய்யலாம்; ஒரு இரவும் பகலும் முழுச் சுமையில் சோதித்த பிறகு. கடையின் வரவு செலவு, ஆராய்ச்சி முடிவு, குடும்பப் படங்கள், பிறருடைய தகவல் இருக்கும் இயந்திரம் என்றால் வேண்டாம்; இரண்டாவது பிராசஸர் சும்மா தரும் லாபமே அங்கே போதும். பழைய பிபி6 யாரிடமாவது பரணில் கிடந்தால், எடுத்தவுடன் பிளக்கில் செருகிவிடாதீர்கள். முதலில் கெப்பாசிட்டர்களின் தலையைப் பாருங்கள். தட்டையாக இருக்க வேண்டும். உப்பியிருந்தாலோ பழுப்பு நிறத்தில் ஏதாவது கசிந்து காய்ந்திருந்தாலோ, அவற்றை மாற்றிவிட்டு, பஸ்ஸை 66இல் வைத்தே முதல் தடவை ஓட்டுங்கள்.